கமக்காரரின் வீட்டிற்கும் தொழிற்கூடத்திற்கும் ஏற்ற மின்பிறப்பாக்கி: தெரிவும் பராமரிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயம், மிளகாய், மரக்கறி, புகையிலை முதலிய தோட்டப் பயிர்கள் செய்கை பண்ணப்படுகின்றன. முன்னாளில் துலாவும் பட்டையும் இவ்வேலையைச் செய்தன. 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய இறைப்பு யந்திரங்கள் பரவின. பின்னர் மின்சாரம் எட்டிய இடங்களில் மின்பம்புகளும் வந்தன. இவ்வாறு கமக்காரரின் தோட்டம் சிறிது சிறிதாக யந்திர வலுவைச் சார்ந்ததாயிற்று.

மின்சாரம் எப்பொழுதும் கிடைக்கும் என எண்ணியிருத்தல் தகாது என்பதைக் குடாநாட்டு மக்கள் நன்கு அறிவர். 1990ஆம் ஆண்டில் போர் காரணமாக நாட்டின் பொது மின்வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டது. 2009இற் போர் முடிந்ததன் பின்னரே அவ்விணைப்பு மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. 2022 மார்ச் மாத இறுதியில் எரிபொருட் பற்றாக்குறையினால் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் தடைப்பட்டது. வெங்காய நாற்று வாடும் வேளையிலோ, களத்தில் நெல் குவிந்து கிடக்க மழை இருட்டும் வேளையிலோ மின்சாரம் நின்றால் ஏற்படும் நட்டம் சிறிதன்று. ஆதலாற் கையாற் கொண்டுசெல்லத்தக்க சிறிய மின்பிறப்பாக்கியை வாங்கிவைக்கக் கமக்காரர் பலர் விரும்புகின்றனர்.

இதனைத் தக்க அளவிற் தெரிந்தெடுத்து ஒழுங்காகப் பேணினால் நெடுங்காலம் பயன்தரும். தெரிவு பிழைத்தாற் பணம் வீணாகும். அதனை நிறுத்தும் இடம் பிழைத்தாலோ, மின் இணைப்புப் பிழைத்தாலோ உயிருக்கே சேதம் நேரும்; கவனமின்றிச் சிந்தும் எண்ணெய் ஊராரின் கிணற்று நீரையும் கெடுக்கும். இவற்றிற்குரிய விளக்கம் கீழே தரப்படுகின்றது.

1. மின்பிறப்பாக்கி தேவைதானா?

வாங்குமுன் முதலில் ஆராய வேண்டியது இதுவே. கிணற்றிலிருந்து நீர் இறைப்பது மாத்திரமே நோக்கமாயின், எஞ்சின் நேரே பூட்டப்பட்ட இறைப்பு யந்திரமே சிக்கனமானது. மின்பிறப்பாக்கியில் எஞ்சினின் வலு முதலில் மின்சாரமாக மாறி, அம்மின்சாரம் மோட்டாரில் மீண்டும் சுழற்சியாக மாறுகின்றது. இவ்விரு மாற்றங்களிலும் இழப்பு உண்டு. எஞ்சின் தரும் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே பம்பின் அச்சைச் சென்றடையும். ஆகவே ஒரே அளவு நீரை இறைக்க மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

எனினும் பின்வரும் நிலைமைகளில் மின்பிறப்பாக்கி பொருத்தமானது:

(அ) கிணற்றில் ஏற்கெனவே மின்பம்பு பூட்டப்பட்டு, மின்தடை வேளைக்கு மட்டும் மாற்று வழி தேவைப்படும்போது.

(ஆ) நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால் நீருள் அமிழும் மின்பம்பு பயன்படுத்தப்படும்போது. மேலிருந்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஏறத்தாழ 20 முதல் 23 அடி வரையுள்ள ஆழத்திலிருந்தே நீரை எடுக்க வல்லது.

(இ) இறைப்புடன் வீட்டு விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, நெல் தூற்றும் விசிறி, தொழிற்கூடத்தின் துளைகருவி, அரைக்கும் கருவி ஆகியவற்றையும் இயக்க வேண்டியிருக்கும்போது.

2. வலுவைக் கணித்தல்

கடையில் உள்ளவற்றுட் பெரியதை வாங்குவதும், மலிவானதை வாங்குவதும் ஆகிய இரண்டும் பிழையான முறைகளாகும். இயக்கவேண்டிய பொருள்களின் வலுவைக் கூட்டிப் பார்த்தே அளவைத் தீர்மானித்தல் வேண்டும். ஒவ்வொரு கருவியின் தகட்டிலும் அதன் வலு வாற்றுக் கணக்கிற் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு அழிந்திருப்பின் பின்வரும் அண்ணளவான எண்களைக் கொள்ளலாம்:

எல்.ஈ.டி. மின்குமிழ் — 9 வாற்று
கூரை விசிறி — 70 வாற்று
வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி — 150 வாற்று (தொடங்கும்போது 600 முதல் 900 வரை)
கைத் துளைகருவி — 500 முதல் 700 வாற்று
4 அங்குல அரைக்கும் கருவி — 700 முதல் 850 வாற்று
½ குதிரைவலு மின்பம்பு — 550 முதல் 600 வாற்று (தொடங்கும்போது ஏறத்தாழ 1,800)
1 குதிரைவலு மின்பம்பு — 1,000 முதல் 1,100 வாற்று (தொடங்கும்போது ஏறத்தாழ 3,300)

1 குதிரைவலு என்பது 746 வாற்றாகும். ஆயினும் அது மோட்டார் வெளியே தரும் வலு. மோட்டார் உள்வாங்கும் மின்வலு அதனினும் கூடியது. இதனை மறந்து 1 குதிரைவலுப் பம்பிற்கு 1 கிலோவாற்று மின்பிறப்பாக்கி போதும் எனக் கருதி ஏமாறுவோர் உளர். மேலும் பம்பு, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றின் மோட்டார்கள் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில கணங்களில் வழமையைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ வலுவை இழுக்கும். சிறு மின்பிறப்பாக்கி அக்கணத்திலேயே தள்ளாடி நின்றுவிடுகின்றது. அன்றேல் மோட்டாரின் சுருள் சூடேறிக் கருகுகின்றது.

உதாரணம்: ஒரு கமக்காரர் 1 குதிரைவலுப் பம்பு ஒன்றும், 9 வாற்று மின்குமிழ் நான்கும், ஒரு விசிறியும், ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இயக்க வேண்டியுள்ளார். ஓடும் வலு 1,100 + 36 + 70 + 150 = 1,356 வாற்று. பம்பு தொடங்கும்போது மட்டும் 3,300 வாற்று வேண்டும். ஏனைய யாவற்றையும் நிறுத்திவைத்துப் பம்பை முதலிற் தொடக்கினால், தொடர் வலு 3 கிலோவாற்றுக்குக் குறையாததும் உச்ச வலு 3½ கிலோவாற்று அளவினதுமான யந்திரம் அவருக்குப் போதுமானது. பம்பு ஓடும்போது குளிர்சாதனப் பெட்டி தொடங்கினாலும் மொத்தம் ஏறத்தாழ 2,100 வாற்றே ஆதலால் இடையூறு நேராது.

விற்பனைத் தகட்டில் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று யந்திரம் சில கணங்களுக்கு மாத்திரம் தரத்தக்க உச்ச வலு. மற்றையது மணிக்கணக்காகத் தரத்தக்க தொடர் வலு. பெரிய எழுத்திற் காட்டப்படுவது பெரும்பாலும் உச்ச வலுவேயாகும். தெரிவு தொடர் வலுவைக் கொண்டே அமைதல் வேண்டும். வலு கே.வி.ஏ. என்னும் அளவிற் குறிக்கப்பட்டிருப்பின், அதனை 0.8 ஆற் பெருக்கி வரும் தொகையைக் கிலோவாற்றாகக் கொள்ளலாம்.

தேவைக்கு மிகப் பெரிய யந்திரமும் நன்மை தராது. பெரிய எஞ்சின் சிறு சுமையுடன் நெடுநேரம் ஓடும்போது எரிபொருள் வீணாவதுடன், பிளக்கிலும் புகைக்குழாயிலும் கரி படியும். தொடர்ந்து ஓடும் சுமை, தொடர் வலுவின் அரைப்பங்கிற்கும் முக்காற் பங்கிற்கும் இடையில் இருத்தல் நன்று.

தொழிற்கூடத்தில் வெல்டிங் வேலை செய்ய விரும்புவோர் தனியே கணக்கிடுதல் வேண்டும். சிறிய வெல்டிங் யந்திரமும் 3 முதல் 5 கிலோவாற்று வரை இழுக்கக்கூடும். அதனை வீட்டுத் தேவைக்குரிய மின்பிறப்பாக்கியில் இணைத்தல் கூடாது.

3. வகைகள்

பெற்றோல் யந்திரம்: 1 முதல் 5 கிலோவாற்று வரையுள்ளவற்றுட் பெரும்பாலானவை இவ்வகையின. பாரம் குறைந்தவை, எளிதிற் தொடங்குபவை, விலையும் குறைவு. மின்தடை வேளையில் மட்டும் ஓட்டுவோருக்கு நாலடிப்பு எஞ்சின் கொண்ட பெற்றோல் யந்திரம் ஏற்றது. பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றும் ஈரடிப்பு யந்திரங்கள் மிகச் சிறியவை. ஒளிக்கும் வானொலிக்கும் அன்றிப் பம்பிற்கு அவை உதவா.

டீசல் யந்திரம்: பாரம், இரைச்சல், விலை ஆகிய மூன்றும் கூடியவை. ஆயினும் நாள்தோறும் பல மணித்தியாலம் ஓட்டவேண்டிய தொழிற்கூடத்திற்கு எரிபொருட் சிக்கனமும் நீடித்த உழைப்பும் தருபவை.

மண்ணெண்ணெய் யந்திரம்: பெற்றோலிற் தொடங்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை இறைப்பு யந்திரங்கள் வாயிலாகக் கமக்காரருக்குப் பழக்கமானதே. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டுதல் வேண்டும். மண்ணெண்ணெய் மலிவு என்னும் பழைய கணக்கை மட்டும் நம்புதல் தகாது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆகவே வாங்கும் நாளின் விலைகளைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

பெற்றோலுக்கென அமைந்த யந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுதல் தவறு. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருட் தடை நிலவிய காலத்திற் குடாநாட்டு மக்கள் மோட்டார்ச் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காலங்கழித்தனர். அது வேறு வழியற்ற நிலையிற் செய்யப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்வதனால், உராயும் பாகங்கள் விரைவில் தேய்ந்துவிடும்.

இன்வேட்டர் வகை: சுமைக்கேற்ப எஞ்சினின் வேகம் கூடிக் குறையும். இரைச்சல் குறைவு, கணினி முதலிய நுண்கருவிகளுக்கு உகந்தது. விலை கூடியது; பழுதுற்றால் ஊர்த் தொழிற்கூடத்திற் திருத்துதல் அரிது.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

(அ) இலங்கையில் வழங்கும் மின்சாரம் 230 வோல்ற்று. மீடிறன் செக்கனுக்கு 50. தகட்டில் இவ்விரண்டும் பொருந்துகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். பிற நாடுகளிலிருந்து வரும் பழைய யந்திரங்களுட் சில 100 அல்லது 120 வோல்ற்று உடையவை. அவை விலை குறைந்தனவாயினும் வாங்கத்தக்கன அல்ல.

(ஆ) யந்திரத்தைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சுமையின்றி ஒரு முறையும், சுமையுடன் ஒரு முறையும் வோல்ற்றளவை அளக்க வேண்டும். 216 முதல் 244 வோல்ற்று வரையுள்ள எல்லைக்குள் அது நிற்றல் நன்று.

(இ) மின்சுருள் செம்புக் கம்பியினாலானதா, அலுமினியக் கம்பியினாலானதா எனக் கேட்டறிதல் வேண்டும். செம்புச் சுருள் சூட்டை நன்கு தாங்கும்.

(ஈ) எண்ணெய் குறைந்தவிடத்துத் தானாகவே நிற்கும் அமைப்பும், மிகைச் சுமையின்போது மின்னை அறுக்கும் ஆளியும் இருத்தல் வேண்டும்.

(உ) பிளக், வடிகட்டி, காபரேற்றர், இழுகயிறு ஆகிய உதிரிப் பாகங்கள் யாழ்ப்பாணத்திலோ அண்மையிலுள்ள பட்டினத்திலோ கிடைக்குமா என உறுதிசெய்தல் வேண்டும். பாகம் கிடைக்காத யந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் ஒரு நாள் மூலையிற் கிடக்கும்.

(ஊ) பாவித்த யந்திரமாயின், அதனைச் சுமையுடன் அரை மணித்தியாலம் ஓட்டி, நிறுத்தி, சூடாக இருக்கும்போதே மீண்டும் தொடக்கிப் பார்த்தல் வேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. வளையங்கள் தேய்ந்துள்ளன என்பது பொருள்.

5. நிறுத்தும் இடம்

எல்லா அறிவுரைகளிலும் தலையாயது இதுவே. எஞ்சினின் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உள்ளது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கண்ணிற் படாதவிடத்தும் அவ்வாயு இருக்கும். அதனைச் சுவாசிப்போருக்குத் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, சோர்வு ஆகியன உண்டாகும். உறக்கத்தில் உள்ளோர் அவ்வறிகுறிகளை உணராமலே இறந்துபோவர்.

ஆகவே மின்பிறப்பாக்கியை வீட்டினுள்ளோ, அடுக்களையிலோ, விறாந்தையிலோ, மூடிய பம்புக் கொட்டிலிலோ ஓட்டுதல் ஆகாது. கதவையும் யன்னலையும் திறந்துவைத்தல் போதிய பாதுகாப்பன்று. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தூரத்தில், திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டிற்கு மறுபுறம் நோக்குமாறு வைத்தல் வேண்டும். காற்றின் திசையையும் பார்த்தல் வேண்டும். சோளகக் காற்று வீசும் காலத்தில் வீட்டின் தென்மேற்கிலே வைத்தால் புகை வீட்டினுள் அடிக்கும். வாடைக் காலத்தில் வடக்கிலும் வடகிழக்கிலும் வைத்தால் அவ்வாறே நேரும். ஆகையாற் பருவத்திற்கேற்ப இடத்தை மாற்றுதல் வேண்டும்.

கோடையில் நீர்மட்டம் தாழும்போது எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி, படியிலோ பலகையிலோ வைத்து ஓட்டும் வழக்கம் மிகக் கொடியது. கிணற்றினுட் புகை வெளியேற வழியின்றித் தேங்கும். இறைத்துத் தூர்வாருவதற்காக இறங்கியவரும், அவரை மீட்க இறங்கியவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்த துன்ப நிகழ்ச்சிகள் இந்நாட்டில் ஒன்றிரண்டல்ல. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவை மாத்திரமே காட்டும். காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அணையாது எரியும். ஆகையால் எஞ்சின் ஓடிய கிணற்றினுள் எவரும் இறங்குதல் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பின்னால் இறங்காது, உடனே உதவிக்கு ஆளழைத்து, 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைப் பெறுதல் வேண்டும். வெளியிற் புகையினால் மயங்கியவரைத் திறந்த காற்றிற்குக் கொண்டுவந்து, தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

6. மின் இணைப்பு

மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் கம்பியை வீட்டுச் சுவரிலுள்ள மின்பொருத்தியிற் செருகி முழு வீட்டிற்கும் மின்னூட்டும் தந்திரத்தைச் சிலர் கையாளுகின்றனர். இது பிறர் உயிரைப் போக்கும் செயலாகும். அம்மின்சாரம் வீட்டு மானியின் வழியே வீதிக் கம்பிக்குச் சென்று, மின்மாற்றியிற் பின்னோக்கிப் பாய்ந்து, 11,000 வோல்ற்றாகவோ அதற்கு மேலாகவோ உயரக்கூடும். மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி அதனாற் கொல்லப்படலாம். வீதியில் மின்சாரம் மீண்டும் வந்த கணத்தில் மின்பிறப்பாக்கியும் எரிந்துபோகும்.

வீட்டு இணைப்பிற்கு மின்னூட்ட விரும்புவோர், அனுமதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு மாற்றாளி ஒன்றைப் பொருத்துவித்தல் வேண்டும். அவ்வாளி ஒரு வேளையில் வீதி மின்சாரத்தையோ மின்பிறப்பாக்கியையோ ஒன்றை மட்டுமே இணைக்கும். அவரைக் கொண்டே புவித்தொடுப்பையும், மின்கசிவின்போது தானாக அறுக்கும் ட்ரிப் சுவிச்சையும் சரிபார்ப்பித்தல் நன்று. பாறை மேலெழுந்த நிலங்களிற் புவித்தொடுப்புக் கோலை ஆழப் புதைத்தல் அரிதாகையால், அதற்குரிய இடத்தை அவரே தெரிதல் தகும்.

தோட்டத்திற் கம்பி நீளும்போது வோல்ற்றளவு குறையும். 1 குதிரைவலுப் பம்பு 50 மீற்றர் தூரத்தில் இருப்பின் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி வேண்டும். மெல்லிய கம்பியிற் தொடங்கும் வேளையில் வோல்ற்றளவு பெரிதும் வீழ்ந்து மோட்டார் முனகி நிற்கும். சுற்றிய கம்பியைச் சுருளாகவே விட்டுவைத்தல் கூடாது. சுருள் சூடேறித் தீப்பற்றும். வாய்க்கால் நீரினூடாகக் கம்பியை இழுத்தலும், ஈரக்கையினால் ஆளியைத் தொடுதலும் ஆகா.

7. இயக்கும் ஒழுங்கு

தொடங்குமுன் யந்திரத்தைச் சமதரையில் வைத்து எண்ணெய் மட்டத்தையும், எரிபொருளையும், காற்று வடிகட்டியையும் பார்த்தல் வேண்டும். சுமை எதுவும் இணையாத நிலையிலே தொடக்கி, 2 அல்லது 3 நிமிடம் ஓடவிட்டபின், முதலிற் பம்பையும் பின்னர் ஏனைய கருவிகளையும் ஒவ்வொன்றாக இணைத்தல் வேண்டும். நிறுத்தும்போது சுமைகளை ஒவ்வொன்றாக நீக்கி, மேலும் 2 அல்லது 3 நிமிடம் வெறுமையாக ஓட்டிச் சூடு தணிந்தபின் நிறுத்துதல் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய உடனேயோ பெற்றோல் ஊற்றுதல் தீவிபத்திற்கு வழிவகுக்கும். கால் மணித்தியாலமாவது ஆறவிடுதல் வேண்டும். தாங்கியை விளிம்புவரை நிரப்புதலும் தகாது. பெற்றோலை மூடியுள்ள உரிய கலத்தில், அடுக்களைக்கும் விளக்கிற்கும் எட்டாத இடத்திற் சேமித்தல் வேண்டும்.

எஞ்சினின் வேகத்தை ஒழுங்குபடுத்தும் திருகைத் தாமாக முறுக்கி வலுவைக் கூட்ட முயலுதல் பெருந்தவறாகும். வேகம் மாறினால் மீடிறனும் வோல்ற்றளவும் மாறி, இணைத்த கருவிகள் யாவும் பழுதடையும்.

8. பராமரிப்பு

எஞ்சினின் ஆயுள் எண்ணெயிலும் காற்று வடிகட்டியிலுமே தங்கியுள்ளது. புதிய எஞ்சினில் முதல் 20 மணித்தியாலம் ஓடியபின் எண்ணெயை மாற்றுதல் வேண்டும். அதன்பின் கைநூலிற் கூறிய தவணைக்கேற்ப, பொதுவாக 50 முதல் 100 மணித்தியாலத்திற்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 10டபிள்யூ–30 தர எண்ணெய் இவ்வெப்பநிலைக்குப் பெரும்பாலும் ஏற்றது. 2 முதல் 3 கிலோவாற்று யந்திரத்திற்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றரே தேவைப்படும். இச்சிறு செலவைத் தவிர்ப்போர் பின்னர் எஞ்சின் முழுவதையும் மாற்ற நேரிடும்.

வலிகாமத்துச் செம்மண் கோடையில் நுண்ணிய தூசாகப் பறக்கும். அத்தூசு எஞ்சினுட் புகுந்தால் அரம்போல் அராவும். ஆகவே கோடையிற் காற்று வடிகட்டியை வாரந்தோறும் பார்த்தல் நன்று. பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, சில துளி எண்ணெய் இட்டுப் பிழிந்து மீண்டும் பொருத்தலாம். காகித வடிகட்டியை நீரிற் கழுவுதல் ஆகாது. மெதுவாகத் தட்டித் தூசை நீக்கி, அழுக்கு மிகுந்தால் மாற்றுதல் வேண்டும்.

வடமராட்சியிலும் தீவகத்திலும் கரையோரத் தோட்டங்களிலும் உப்புக் காற்று இரும்பையும் செம்பையும் அரிக்கும். அங்குள்ளோர் யந்திரத்தை ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியாற் துடைத்து, திருகுகளிலும் முளைகளிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுதல் வேண்டும். சாக்கோ துணியோ கொண்டு மூடுதல் நன்று. பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

100 மணித்தியாலத்திற்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிக் கரியை நீக்கி, அதன் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்குமாறு செய்தல் வேண்டும். எஞ்சினின் குளிரூட்டும் செதில்களிடையே சிக்கும் வைக்கோல், சருகு, தூசு ஆகியவற்றையும் அகற்றுதல் வேண்டும்.

மின்தடை இல்லாத காலத்தில் யந்திரத்தை மறந்துவிடுதலே அது பழுதாவதற்கு முதற் காரணம். காபரேற்றரிற் தங்கும் பெற்றோல் காலப்போக்கிற் பிசினாகி நுண்துளையை அடைக்கும். மாதத்திற்கு ஒருமுறை அரைச் சுமையுடன் 20 நிமிடம் ஓட்டுதல் வேண்டும். நெடுங்காலம் ஓட்டாது வைப்பதாயின், தாங்கியையும் காபரேற்றரையும் வெறுமையாக்கி, இழுகயிறு இறுகும் வரை மெதுவாக இழுத்து விடுதல் வேண்டும். அந்நிலையில் வால்வுகள் மூடி ஈரம் உட்புகாது. மீண்டும் ஓட்டுமுன் புகைக்குழாயிற் குளவிக்கூடும், உள்ளே எலி கடித்த கம்பியும் உண்டா எனப் பார்த்தல் அவசியம்.

ஒரு சிறு கொப்பியில் ஓடிய மணித்தியாலம், ஊற்றிய எரிபொருள், எண்ணெய் மாற்றிய நாள் ஆகியவற்றைக் குறித்துவருதல் மிகப் பயனுள்ளது. 3 கிலோவாற்றுப் பெற்றோல் யந்திரம் முக்காற் சுமையில் மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 1 முதல் 1½ லீற்றர் வரை எரிக்கும். அவ்வளவு திடீரெனக் கூடினால் யந்திரத்திற் குறை உண்டு என்பதைக் கொப்பியே காட்டிவிடும்.

9. எண்ணெயும் கிணற்று நீரும்

குடாநாட்டில் மண்படை மெல்லியது. அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே சிந்தும் எண்ணெய் மண்ணால் வடிக்கப்படாது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். ஒரு கிணற்றிற் கலந்தது அயற் கிணறுகளுக்கும் பரவும். சுன்னாகத்து மின்நிலையச் சூழலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஊர்களின் குடிநீரைப் பற்றிய அவ்வழக்கு, இந்நிலத்தில் எண்ணெயைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பாடமாகும். சிறு யந்திரம் சிந்துவதும் சிறிதே. எனினும் தோட்டந்தோறும் எஞ்சின் உள்ள ஊரில் அச்சிறிது சேர்ந்து பெரிதாகும்.

ஆகவே மின்பிறப்பாக்கியைக் கிணற்றுக் கட்டின் மேலோ, நீரோடும் வாய்க்காலின் அருகிலோ வைத்தல் கூடாது. அதன் கீழ் விளிம்புள்ள தகரத் தட்டு ஒன்றை வைத்தல் வேண்டும். சிந்திய எண்ணெயை மரத்தூளாலோ மணலாலோ ஒற்றி எடுத்தல் வேண்டும். நீரூற்றிக் கழுவுதல் தவறு. கழிவெண்ணெயை மூடியுள்ள கலத்திற் சேர்த்து, அதனைப் பெறும் வாகனத் தொழிற்கூடத்திற் கொடுத்தல் வேண்டும். கறையானைத் தடுக்க வேலிக் கதியாலின் அடியில் அதனை ஊற்றும் வழக்கமும் கைவிடத்தக்கது.

நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது என்பதும் மறக்கத்தக்கதன்று. துலாவால் இறைத்த நாளில் மனிதனின் களைப்பே இறைப்பிற்கு எல்லையாக இருந்தது. எஞ்சினுக்குக் களைப்பு இல்லை. எரிபொருள் உள்ளவரை இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணறு கெடும். பயிருக்கு வேண்டிய அளவு இறைத்தவுடன் நிறுத்துதல் எரிபொருளையும் கிணற்றையும் ஒருங்கே காக்கும்.

10. சாதாரண கோளாறுகள்

தொடங்காமை: எரிபொருட் திருகு திறந்துள்ளதா, எண்ணெய் மட்டம் போதியதா என முதலிற் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தாற் பல யந்திரங்கள் தொடங்கா. பிளக் நனைந்திருப்பின் அதனைத் துடைத்து உலர்த்திச் சிறிது நேரத்தின்பின் முயலவேண்டும்.

ஏறி இறங்கி ஓடுதல்: எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம், காபரேற்றரின் நுண்துளை அடைபட்டிருக்கலாம். இரண்டையும் வடித்துத் துப்புரவாக்க வேண்டும்.

கரும்புகை: காற்று வடிகட்டி அடைபட்டது, அல்லது சுமை மிகுந்தது.

எஞ்சின் ஓடியும் மின்சாரம் வராமை: மிகைச் சுமை ஆளி விழுந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். விழவில்லையாயின் மின்சுருளைத் தாமாகத் திறவாது மின்வினைஞரிடம் காட்டுதல் வேண்டும்.

அளவாய் அடங்கும் உடல்: தேவையைக் கணித்து வாங்கிய யந்திரமும், வீட்டிற்கும் கிணற்றிற்கும் விலகி நிற்கும் இடமும், மாற்றாளி வழியான இணைப்பும், தவணை தவறாத எண்ணெய் மாற்றமும் ஆகிய இந்நான்கும் அமைந்தால், மின்பிறப்பாக்கி இடர்க்காலத்திற் பயிரைக் காக்கும் நற்றுணையாக விளங்கும்.